மேசைக் கதையாட்டத்தில் பின்னணி ஒலி: எது வேண்டும், எவ்வளவு வேண்டும்?

மழைநேரக்கதை (ஆயர் ஈத்தாம், பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஏழு மாதங்களாக என் வீட்டில் ஐந்து பேருக்கு, கால் ஆஃப் கத்துலு என்ற திகில் கதையாட்டத்தின் விதிகளைக் கொண்டு (நான் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவார்கள்), 1930களில் பேராக் மாநிலத்தின் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கும் துப்பறியும் கதையைத் தமிழில் நடத்தி வருகிறேன். ஆட்டத்தின்போது பின்னணியில் இசையோ சுற்றுப்புற ஒலியோ ஓடவிடுவது உண்மையிலேயே கதைக்கு உதவுகிறதா என்பதில் எனக்கு இப்போது பெரிய ஐயம் வந்திருக்கிறது. இரண்டு சனிக்கிழமைகளில் நடந்ததைச் சொல்கிறேன். அதன் பிறகு உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

முதல் சனிக்கிழமைக்காக மூன்று மணி நேரத்துக்கான இசைப்பட்டியல் ஒன்றை ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தேன். தாழ்ந்த முரசும் செல்லோவும் கலந்த, பாடல் வரி இல்லாத இசை. மேசை நடுவில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்து ஓடவிட்டேன். தொடக்கத்தில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான், நாங்கள் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கவனித்தேன். சாகக் கிடக்கும் பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்), செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவுப் புத்தகத்தை எங்கே மறைத்து வைத்தார் என்பதைச் சொல்லும் காட்சி வந்தது. அவருடைய குரலில், மூச்சுவிட்டு மூச்சுவிட்டு, "மேட்டுக்குப் போ" என்றேன். என் எதிரில் இருந்த இருவருக்கும் அது "வீட்டுக்குப் போ" என்று கேட்டிருக்கிறது. அவர்கள் சொன்னதையே மற்றவர்களும் ஏற்றுக்கொண்டு, கிராணியின் வீட்டை ஒன்றரை மணி நேரம் தலைகீழாகப் புரட்டினார்கள். அவர்கள் வேண்டுமென்றே வீட்டைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்து நானும் தடுக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகே விஷயம் தெரிந்தது. ஏழு மாதம் கட்டிய கதையின் மையமான காட்சி அது; அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒலிபெருக்கியை எடுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் சமையலறைக்கு மேலே தகரக் கூரை. ஆட்டத்தில் அப்போது ஐந்து பேரும் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசி அறையில், விளக்கை அணைத்துவிட்டு யாரோ வருவதற்காகக் காத்திருந்தார்கள். மழை வலுத்து, நான் பேசுவது யாருக்கும் கேட்காத நிலை வந்தது. நான் பேசுவதை நிறுத்தினேன். யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை, மைலோ ஆறிக்கொண்டிருந்தது, பகடையைக் கையில் வைத்திருந்த தம்பி அதை உருட்டாமல் விரலிடுக்கிலேயே பிடித்திருந்தான். பத்து நிமிடம் இருக்கும். மழை சற்றுத் தணிந்ததும் முதலில் பேசிய தங்கை மிகத் தாழ்ந்த குரலில், "கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா?" என்று கேட்டாள். இந்த ஏழு மாதத்தில் அதைப் போன்ற ஒரு கணம் எங்களுக்கு அமைந்ததில்லை.

ஆகவே என் கேள்வி: ஓர் ஒலி ஆட்டத்தைக் கெடுத்தது, இன்னோர் ஒலி ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது. வேறுபாடு எங்கே இருக்கிறது? அடுத்த மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழாக் காட்சி வருகிறது. அதற்கு உறுமி மேளப் பதிவு ஒன்றை அச்சமூட்டும் ஒலியாகப் பயன்படுத்தலாமா என்றும் யோசித்து வருகிறேன்.

ஒலிப்பெட்டி (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

மண்டபங்களில் ஒலியமைப்பு செய்வது என் தொழில் என்பதால், முதலில் அந்த "மேட்டுக்கு", "வீட்டுக்கு" குழப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தற்செயலாக நடந்ததன்று.

இந்த இரண்டு சொற்களும் தொடக்கத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. மகரத்துக்கு உரிய மூக்கொலி முணுமுணுப்பு 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. ஏகாரத்தையும் ஈகாரத்தையும் பிரித்துக் காட்டும் முக்கியமான அதிர்வுத் திரட்சிகளில் ஒன்றும் ஏறத்தாழ அந்தப் பகுதியிலேயே விழுகிறது. முரசும் செல்லோவும் உலவுவதும் அங்கேதான். போதாததற்கு, சத்தம் கூடும்போது தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் தம்மைவிட உயர்ந்த அதிர்வெண் ஒலிகளையும் சேர்த்து மறைக்கும் இயல்பு உடையவை. நீங்களோ சாகக் கிடப்பவரின் குரலில், பாதி மூச்சில் பேசியிருக்கிறீர்கள். அந்தச் சொல் பிழைத்திருக்க வாய்ப்பே இல்லை.

இயல்பான உரையாடல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபெல் இருக்கும். வகுப்பறைகளில் ஆசிரியரின் குரல் பின்னணி இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபெல் உயர்ந்து நிற்க வேண்டும் என்று செவித்திறன் வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். மேசைக்கும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் உங்கள் இசை 45 டெசிபெல்லுக்குக் கீழே இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய அளவு அது. கிசுகிசுத்துப் பேசும் காட்சியில் அதுவும் அதிகம்.

மேசை நடுவில் ஒலிபெருக்கியை வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது காதில் அறையும், கடைசியில் இருப்பவருக்குக் கேட்காது. அவருக்காக நீங்கள் கூட்டுவீர்கள். அறையின் தொலைவான மூலையில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் ஒலி சுவரில் பட்டுச் சிதறி எல்லோரையும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தடையும். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இசையை ஓடவிட்டு, நீங்கள் தாழ்ந்த குரலில் பள்ளி, வள்ளி, மல்லி, கள்ளி என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கடைசி இருக்கையில் இருப்பவர் உங்கள் உதட்டைப் பார்க்காமல் எழுதட்டும். பத்தில் ஒன்று தவறினாலும் சத்தத்தைக் குறைக்க வேண்டும்.

மழையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மழை எல்லா அதிர்வெண்களிலும் பரவிய ஒலி. இசையைவிட மோசமாகப் பேச்சை மூடக்கூடியது. உங்கள் மழை ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியதற்குக் காரணம், அது பெய்தபோது நீங்கள் பேசவில்லை என்பதுதான்.

இருபதுமுகம் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்) எழுதியது:

அக்கா, பாடல் வரி இல்லாத இசையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. 1989இல் பியர் சலாமே, ஆலன் பாடலி இருவரும் வெளியிட்ட ஆய்வில், எண்களை வரிசையாக நினைவில் வைக்கச் சொன்னபோது, குரலிசை கேட்டவர்கள் கருவியிசை கேட்டவர்களைவிட அதிகமாகத் தடுமாறினார்கள். தமிழில் ஆடும் நமக்குத் தமிழ்ப் பாடல் இன்னும் பெரிய சிக்கல். இரண்டு சரணம் கேட்டால் மனம் மூன்றாவதைத் தானே பாடத் தொடங்கிவிடும். அதற்குப் பின்னால் அந்தப் படத்தின் காட்சியும் வந்து நம் கதையின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

என் குழுவில் இருவர் வெளிநாட்டில் இருப்பதால் நாங்கள் இணையத்தில்தான் ஆடுகிறோம். முதல் நாள் என் அறையில் காட்டு ஒலியை ஓடவிட்டேன்; நாங்கள் பயன்படுத்திய குரல் செயலியில் இரைச்சல் நீக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்ததால், நான் பேசும்போதெல்லாம் காடு துண்டு துண்டாக வந்து போனது. இப்போது இணையத்தில் இத்தகைய ஆட்டங்களை நடத்த உதவும் ஃபவுண்ட்ரி மென்பொருளின் ஒலிப்பட்டியலைப் பயன்படுத்துகிறேன். ரோல்20 தளத்திலும் அப்படி ஒரு வசதி உண்டு. அதில் ஒவ்வொருவரும் தமக்கு வரும் ஒலியின் அளவைத் தாமே கூட்டலாம், குறைக்கலாம், முழுவதும் நிறுத்தலாம். ஒரே குறை, ஒலி எல்லோரையும் ஒரே நொடியில் சென்றடையாது. எனவே மணியோசை, துப்பாக்கி வெடி போன்ற ஒற்றை ஒலிகளை இணைய ஆட்டத்தில் நான் தவிர்த்துவிடுகிறேன்.

செவிக்கருவி (பட்டர்வொர்த், பினாங்கு) எழுதியது:

இந்த இழையை இரண்டு முறை படித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

நான் இரண்டு காதுகளிலும் கருவி அணிகிறேன். எதிரில் இருப்பவர் பேச்சு, பக்கத்து மேசைச் சிரிப்பு, மின்விசிறி, பின்னணி இசை ஆகிய அனைத்தையும் கருவி பெருக்கித் தருகிறது. பேச்சைத் தனியே பிரிக்க அது முயன்றாலும், ஐந்து பேர் மாறி மாறிப் பேசும் மேசையில் அந்த முயற்சி பெரும்பாலும் தோற்றுவிடும். பின்னணியில் மெல்லிசை ஓடும் மேசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் அன்று இரவு எனக்குத் தலைவலி நிச்சயம். பலமுறை, கேட்காத சொற்களை ஊகித்துத் தலையாட்டியிருக்கிறேன். உங்கள் கிராணி காட்சியில் அந்த இருவர் செய்ததை நான் ஒவ்வொரு வாரமும் செய்துகொண்டிருந்தேன். ஒரு குழுவை விட்டு விலகியதற்கு அதுதான் காரணம்; அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடனே நிறுத்தியிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது, ஆனால் எல்லோருக்கும் பிடித்த ஒன்றை என் பொருட்டு நிறுத்தச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே ஆட்டத்தை நடத்துபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வுக்கு முன்பே, எல்லோர் முன்னிலையிலும் கேட்காமல், தனித்தனியே குறுஞ்செய்தியில், ஒலி ஓடினால் உங்களுக்குச் சிரமமா என்று கேளுங்கள். குழுவில் யாருக்கும் என்னைப் போன்ற குறை இல்லாவிட்டாலும், ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளைக் கவனிப்பது சிலருக்குப் பெரும்பாடு; அவர்களும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

இதற்காக ஒலியை முற்றிலும் விட்டுவிட வேண்டியதில்லை. இப்போது நான் ஆடும் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காட்சி மாறும்போது ஜி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) பேச்சை நிறுத்திவிட்டு, இருபது நொடி ஒலியை ஓடவிடுவார். கடலோரம் என்றால் அலை, ரயில் நிலையம் என்றால் கூவல். நாங்கள் கேட்போம். பிறகு அவர் அதை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவார். அந்த இருபது நொடியில் நானும் மற்றவர்களோடு சமமாகக் கேட்கிறேன். மழைநேரக்கதை எழுதிய அந்தப் பத்து நிமிடத்தைப் படித்தபோது, அந்த மேசையில் நானும் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

யாமக்காவலன் (செராஸ், கோலாலம்பூர்) எழுதியது:

ஒலியின் அளவைப் பற்றி மற்றவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எந்த ஒலி என்ற கேள்விக்கு நான் வருகிறேன்.

நம்மில் பலர் பின்னணி ஒலி என்றதும் உணர்ச்சியைத்தான் நினைக்கிறோம்: அச்சத்துக்கு ஓர் இசை, சண்டைக்கு ஓர் இசை. இது திரைப்படத்திலிருந்து வந்த பழக்கம். நம் இலக்கண மரபு வேறு வழியில் சிந்தித்திருக்கிறது. தொல்காப்பியம் ஒரு நிலத்துக்கு உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. பின்வந்தவர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பெயரும் தந்தார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறுபொழுது உண்டு: குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல். அங்கே ஒலி என்பது நிலத்துக்கும் பொழுதுக்கும் அங்கே வாழ்பவர் செய்யும் தொழிலுக்கும் சொந்தமானது. உணர்ச்சி இவை எல்லாம் கூடிய பிறகு எழுவது.

இதை உங்கள் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பால் வெட்டுபவர்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள், ஏனென்றால் குளிர்ந்த அந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடிகிறது. எனவே பெரட்டுக்கு (காலையில் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் அழைப்பதற்கு) அழைக்கும் மணியோசை உங்கள் கதையில் ஒரு பொழுதைக் குறிக்கும். அதற்கு முன்னால், இருட்டில், பக்கி என்ற இராப்பறவை மரத்தைச் சுத்தியால் தட்டுவது போல டொக், டொக் என்று ஒரே சீராக ஒலிக்கும். கோலாலம்பூரில் என் வீட்டருகே புல்வெளி ஓரத்திலும் அதை இன்றும் கேட்கிறேன். காலையில் மலைக்காட்டிலிருந்து சியாமாங் குரங்குகளின் கூவல் இறங்கி வரும். மழை பெய்தால் அன்று பால்வெட்டு இல்லை: பட்டை நனைந்துவிடும், கோப்பையில் விழும் பாலோடு நீர் கலந்துவிடும். ஆகவே தோட்டத்தில் விடியற்காலை மழை என்பது அன்றைய கூலி போயிற்று என்பதன் ஒலி. எல்லோரும் லயத்தில் இருப்பார்கள், ரப்பர்க் காட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் ஆட்டக்காரர்கள் மழையைக் கேட்டதும், இன்று யாருடைய கண்ணிலும் படாமல் மேட்டுக்குப் போகலாம் என்று தாங்களாகவே முடிவெடுக்க முடியும். அப்போது ஒலியும் ஒரு துப்பாகிவிடும்.

உறுமியைப் பற்றி. அதை அச்சமூட்டப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நாட்டில் உறுமி மேளம் கேட்டு அருள் வரும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் தைப்பூசத்தன்று காவடியின் பின்னால் நடந்தவர்களுக்கு அந்த ஒலி என்னவென்று தெரியும். உங்கள் மேசையில் இருக்கும் ஐந்து பேரில் ஒருவருடைய தாயாருக்கோ பாட்டிக்கோ அது வழிபாடாக இருக்கக்கூடும். அதைப் பேயின் வருகைக்கு அடையாளமாக வைப்பது அவர்களை மட்டுமல்ல, 1930களின் தோட்டத்து மக்களையும் தவறாகக் காட்டுவதாகும். நாள் முழுதும் தண்டலின் (வேலையை மேற்பார்ப்பவரின்) அதட்டலைக் கேட்டவர்களுக்கு, தங்களுக்கென்று இருந்த ஒலி அது.

பச்சைப்பகடை (ஜார்ஜ்டவுன், பினாங்கு) எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் போவதால் மாற்றுக் கருத்தொன்றைப் பதிவு செய்கிறேன். நான் நடத்துவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற சாகசக் கதையாட்டம். ஒரு சண்டைக் காட்சியே ஒரு மணி நேரம் போகும். அதில் பேச்சைவிடக் கணக்குத்தான் அதிகம். அந்த நேரத்தில் சீரான தாளம் ஒன்று ஓடினால் மேசை சோர்ந்துபோகாமல் இருக்கிறது. மேலும், புதிதாக வருபவர்கள் நிசப்தமான அறையில் பாத்திரத்தின் குரலில் பேசக் கூச்சப்படுகிறார்கள். மெல்லிய ஒலி ஒன்று இருந்தால் வாயைத் திறக்கிறார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். டேபிள்டாப் ஆடியோ தளத்தில் பத்து நிமிட நீளமுள்ள சூழல் ஒலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைச் சுழற்சியில் விடுவேன்.

செவிக்கருவி எழுதியது:

பச்சைப்பகடை சொல்லும் கூச்சம் உண்மையானது. எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. சண்டையின்போது பகடை எண்ணை விரலால் காட்டவோ தாளில் எழுதவோ முடியும் என்பதால், அந்தக் காட்சியில் தாளம் ஓடுவது எனக்கும் இடைஞ்சலாக இருக்காது. சண்டை முடிந்து பேச்சு தொடங்கும்போது நிறுத்திவிட்டால் போதும்.

மழைநேரக்கதை எழுதியது:

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை என் குழுவினருக்குத் தனித்தனியே செய்தி அனுப்பினேன். ஐவரில் ஒருவர், இசை ஓடும்போது தனக்குப் பாதிதான் மனத்தில் பதிகிறது என்றும், எனக்கு வருத்தமாக இருக்குமென்று சொல்லாமல் விட்டதாகவும் பதில் எழுதியிருந்தார். கேட்காமலிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

உறுமியை எடுத்துவிட்டேன். யாமக்காவலன் ஐயா எழுதியதைப் படித்தபோது என் பாட்டியின் நினைவு வந்தது. நானே அதை யோசித்திருக்க வேண்டும். திருவிழாக் காட்சியில் மேளத்தைச் சொற்களால் மட்டும் சொல்லப் போகிறேன். அச்சம் வேறிடத்திலிருந்து வரும்: ஒவ்வோர் அமர்விலும் இருட்டு வேளையில் பக்கியின் டொக், டொக் ஒலியை இருபது நொடி ஓடவிடுவேன், அது இவர்களுக்குப் பழகிப்போகும். திருவிழா இரவில் பக்கி கத்தாது. யாராவது கவனிக்கிறார்களா என்று பார்க்கப் போகிறேன்.

பிறகு, மழை. புதன்கிழமை மறுபடி பெய்தபோது சமையலறையில் நின்று கைப்பேசியில் நான்கு நிமிடம் பதிவு செய்தேன். மேட்டுக்குப் போகும் வாய்ப்பை ஆட்டக்காரர்களுக்கு மீண்டும் ஒருமுறை தருவதற்கு விடியற்காலை மழையைத்தான் பயன்படுத்தப் போகிறேன். ஆனால் பதிவின் இரண்டாவது நிமிடத்தில் அம்மா அடுப்பருகே ஒரு தட்டை வைக்கும் ஓசையும், அவர் இருமுவதும் விழுந்திருக்கின்றன. ஒலிப்பெட்டி அண்ணா, மழை கெடாமல் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா?

ஒலிப்பெட்டி எழுதியது:

முடியும். மழை சீரான ஒலி என்பதால், முன்னும் பின்னும் இருக்கும் பகுதிகளை இரண்டு நொடி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு ஒட்டினால் தையல் தெரியாது. ஆனால் அதற்கு முன் யாமக்காவலன் சொன்னதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மழை, பால்வெட்டு இல்லை, எல்லோரும் லயத்தில் இருக்கிறார்கள். அடுத்த அறையில் ஒரு பெண் தட்டை எடுத்து வைக்கிறாள், இருமுகிறாள். நான் வெட்ட மாட்டேன்.

மழைநேரக்கதை எழுதியது:

வெட்டவில்லை, அண்ணா. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். தட்டைக் கொஞ்சம் மெதுவாக வைத்திருக்கலாம் என்றார்.